சர்ச் இருக்கிறது, பாத்ரூம் இருக்கிறது, மண்டபம் எங்கே?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே ஆசையாகச் செய்து பார்க்கும் காரியங்களில் ஒன்று, சொந்தக் குரலைப் பதிவு செய்வது. ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர் இருந்தால் போதும். பாடிவிட்டுக் கேட்டால் குரல் வறண்டு கிடக்கும். உடனே எஃபெக்ட் மெனுவுக்குப் போய் ரீவெர்ப் என்பதைக் கிளிக் செய்வோம். அங்கே தயாராக இருக்கும் பட்டியலைத் திறந்து பாருங்கள். சிறிய அறை, நடுத்தர அறை, பெரிய அறை, சர்ச் ஹால், கதீட்ரல் என்று வரிசையாக வரும். பாத்ரூம் கூட இருக்கிறது. கல் மண்டபம் மட்டும் இல்லை.

ஆடாசிட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுதியவர்கள் தங்களுக்குத் தெரிந்த இடங்களின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் ஊர்ப் பையன்கள் தேவாரம் பாடிப் பதிவு செய்துவிட்டு அதற்குக் கதீட்ரல் என்று தேர்வு செய்யும் போது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. தேவாரம் ஒலித்த இடம் அதுவல்ல. உயர்ந்த கூரையும் மூடிய சுவரும் உள்ள இடத்தில் ஒலி நீண்ட நேரம் மிதக்கும். நம் மண்டபம் தட்டையான கல் கூரை, நெருக்கமான தூண்கள், பல இடங்களில் திறந்த பக்கங்கள் கொண்டது. கல் ஒலியை உறிஞ்சாது, கிட்டத்தட்ட முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும். தூண்கள் அதை நாலா பக்கமும் சிதறடிக்கும். திறந்த பக்கம் வழியாக ஒலி வெளியே போய்விடும். ஆகவே மண்டபத்தின் முழக்கம் நீளத்தில் குறைவு, அடர்த்தியில் அதிகம். இது ஸ்லைடரை நகர்த்திக் கிடைக்கிற விஷயம் இல்லை.

அந்த மண்டபத்தின் ஒலியையே அப்படியே எடுத்து வந்து கம்ப்யூட்டருக்குள் வைக்க முடியும். இதற்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்றும் கன்வல்யூஷன் என்றும் பெயர். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் புரிந்துவிடும்.

ஒரு மண்டபத்தில் நின்று ஒரே ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய சத்தம் முதலில் நேராகக் காதுக்கு வரும். அடுத்து அருகில் உள்ள தூணில் பட்டு வரும், பிறகு கூரையில் பட்டு வரும், பிறகு தூரத்துச் சுவரில் பட்டு வரும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 17 மீட்டர் தள்ளி உள்ள சுவரில் பட்டுத் திரும்ப ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். இப்படி ஆயிரக்கணக்கான திரும்பல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து, தேய்ந்து, மறையும். இந்தத் தேய்மானம் முழுவதையும் பதிவு செய்தால் கிடைப்பதுதான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். அந்த இடத்தின் கைரேகை என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இனி கணக்கு. கம்ப்யூட்டருக்கு ஒலி என்றால் வெறும் எண்கள். சிடி தரத்தில் விநாடிக்கு 44,100 எண்கள். நாம் இரண்டே எண்களை எடுத்துக் கொள்வோம். வறண்ட ஒலி 4, 2. மண்டபத்தின் கைரேகை 1, 0.5, 0.25. முதல் எண்ணான 4 மண்டபத்தில் ஒலித்தால் 4, 2, 1 என்று தேயும். அடுத்த எண்ணான 2 ஓர் இடம் தள்ளித் தொடங்கி 2, 1, 0.5 என்று தேயும். இரண்டையும் கூட்டினால் 4, 4, 2, 0.5. அவ்வளவுதான், கன்வல்யூஷன் முடிந்தது. ஒவ்வொரு எண்ணையும் ஒரு சிறு கைத்தட்டலாக நினைத்து, ஒவ்வொன்றுக்கும் மண்டபம் என்ன பதில் சொல்லுமோ அதை எல்லாம் அடுக்கிக் கூட்டுகிறோம்.

இதையே நிஜ ஒலிக்குச் செய்தால் எண்ணிக்கை தலை சுற்ற வைக்கும். 2 விநாடி நீளமுள்ள கைரேகையில் 88,200 எண்கள். ஒரு விநாடிப் பாட்டுக்கு 44,100 பெருக்கல் 88,200, அதாவது சுமார் 389 கோடிப் பெருக்கல்கள். அந்தக் காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் இதற்கு ஈடு கொடுத்திருக்க முடியாது. 1965-ல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்ட பாஸ்ட் ஃபூரியே டிரான்ஸ்பார்ம் என்ற குறுக்கு வழியைப் பயன்படுத்தினால் இந்த வேலை பல நூறு மடங்கு குறைந்துவிடுகிறது. 1999-ல் சோனி நிறுவனம் டிஆர்இ-எஸ்777 என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. நிஜ அரங்குகளின் கைரேகைகளை சிடி-ராமிலிருந்து படித்து உடனுக்குடன் கன்வல்யூஷன் செய்யும் கருவி. பெரிய ஸ்டூடியோக்கள்தான் வாங்க முடிந்தது. இன்று அதே வேலையை உங்கள் மேஜை மேல் உள்ள சாதாரணக் கம்ப்யூட்டர் மின்விசிறிச் சத்தம் கூட ஏறாமல் செய்துவிடும்.

சரி, பாட்டுக்கு மெருகு ஏற்ற ஒரு வித்தை, இதற்கு ஏன் இவ்வளவு பீடிகை என்று கேட்பீர்கள். எனக்கு மெருகு இரண்டாம் பட்சம். கட்டடம் போய்விட்டால் அதன் ஒலியும் போய்விடும், அதற்குப் போட்டோவும் வீடியோவும் உதவாது என்பதுதான் என் கவலை.

இத்தாலியில் வெனிஸ் நகரத்தின் லா ஃபெனிச்சே இசை அரங்கம் 1996 ஜனவரி 29 அன்று எரிந்து போனது. அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் ஒலியியல் ஆராய்ச்சியாளர்கள் உள்ளே போய் அதன் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அரங்கம் 2003 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய அரங்கம் எப்படி ஒலித்தது என்பதற்கு நினைவை மட்டும் நம்ப வேண்டிய நிலை அவர்களுக்கு வரவில்லை. பாரிஸ் நோத்ர தாம் கதையும் இதேதான். 2019 ஏப்ரல் 15 அன்று அதன் கூரை எரிந்து விழுந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். பிரையன் காட்ஸ் என்பவரின் குழு 2013-லேயே அதன் ஒலியை அளந்து வைத்திருந்தது. தேவாலயம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. முன்பு எப்படி ஒலித்தது, இப்போது எப்படி ஒலிக்கிறது என்று ஒப்பிட அவர்கள் கையில் எண்கள் இருக்கின்றன.

இஸ்தான்புல் நகரத்தின் ஹாகியா சோபியா இன்னும் சுவாரசியம். அது மியூசியமாக இருந்த போது உள்ளே பாட அனுமதி கிடையாது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிஸ்ஸேரா பென்சேவா, ஜோனதன் ஏபல் ஆகியோரின் முயற்சியில் 2010-ல் உள்ளே சில பலூன்களை உடைத்துப் பதிவு செய்தார்கள். அந்தப் பலூன் சத்தங்களிலிருந்து கைரேகையைப் பிரித்து எடுத்தார்கள். கப்பெல்லா ரோமானா என்ற பாடகர் குழு, அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்காமலே, அதற்குள் பாடியது போன்ற ஓர் ஆல்பத்தை 2019-ல் வெளியிட்டது. கைரேகையின் நீளம் சுமார் 11 விநாடி. பலூன் விலை என்ன?

நம் நாட்டில் இந்த அக்கறை இல்லாமல் இல்லை. சர் சி.வி. ராமன் 1920-களின் தொடக்கத்திலேயே பீஜப்பூர் கோல் கும்பஸின் முணுமுணுக்கும் மாடத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஹம்பி விட்டலர் கோவிலின் இசைத் தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் சேதமில்லாத முறைகளில் ஆராய்ந்து 2008-ல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆனால் இவை எல்லாம் பெயர் பெற்ற இடங்கள். பெயர் இல்லாத இடங்களுக்கு யார் போவது?

நான் இருப்பது தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர். பேரூராட்சி. தேசிநாதேஸ்வரர் கோவில் இருக்கிறது, சுற்று வட்டாரத்தில் சிறியதும் பெரியதுமாகப் பழைய கல் கட்டடங்கள் இருக்கின்றன. இந்தப் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் ஒரே காட்சிதான். கும்பாபிஷேகம் என்றால் திருப்பணி நடக்கும். திருப்பணி என்றால் தரையில் டைல்ஸ், தூண்களுக்கு நடுவே சுவர், கம்பிக் கதவு, மேலே தகரக் கொட்டகை, சில இடங்களில் பொய்க் கூரையும் குளிர்சாதனமும். வசதிதான், மழைக்கு நனையாமல் சாமி கும்பிடலாம். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பிய அன்றே அந்த மண்டபத்தின் பழைய ஒலி முடிந்தது. வெளியே போக வழி இருந்த ஒலி உள்ளேயே சுற்றும். ஓதுவார் ஒரு வரியை முடிக்கும் முன் அடுத்த வரி அதன் மேல் விழும். பிறகு வார்த்தை புரியவில்லை என்று மைக் வைப்பார்கள். மைக் வைத்ததும் இன்னும் புரியாது.

சினிமா தியேட்டர்களையும் இதில் சேர்க்கிறேன், சிரிக்க வேண்டாம். சென்னையில் 1961-ல் திறந்த சாந்தி தியேட்டர் 2016-ல் மூடப்பட்டது. உதயம் 2024-ல் மூடப்பட்டது. சின்ன ஊர்த் தியேட்டர்கள் கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் மாறிவிட்டன. அந்த ஹாலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒலிச்சித்திரம் என்றாலே அந்த ஹாலின் முழக்கமும் சேர்ந்ததுதான். டிக்கெட்டைப் பத்திரப்படுத்தியவர்கள் உண்டு. ஹாலின் ஒலியை?

ஆகவே என் யோசனை. உங்கள் ஊரில் ஒரு பழைய இடத்துக்குத் திருப்பணி நோட்டீஸ் ஒட்டியதும், சாரம் கட்டும் முன், போட்டோ எடுக்கப் போகும் கூட்டத்தோடு நீங்கள் ஒரு பலூன் எடுத்துக் கொண்டு போங்கள்.

முதலில் கோவில் அலுவலகத்திலோ குருக்களிடமோ கேட்டுக் கொள்ளுங்கள். என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லாமல் பலூன் உடைத்தால் ஊர் கூடிவிடும். பூஜை நேரம் வேண்டாம், ஆள் நடமாட்டம் இல்லாத மதிய வேளை நல்லது. மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லுங்கள். பாடுகிறவர் எங்கே நிற்பாரோ அங்கே பலூனைப் பிடித்துக் கொண்டு ஒருவர் நிற்கட்டும். கேட்பவர் எங்கே உட்காருவாரோ அங்கே ரிக்கார்டரை வையுங்கள். பதிவை ஓட விட்டு, பலூனை ஊசியால் உடைத்து, ஒலி முழுவதும் அடங்கும் வரை யாரும் மூச்சு விடக் கூடாது. ஐந்தாறு பலூன்கள் செலவு செய்யுங்கள், அதில் ஒன்று நன்றாக அமையும். பட்டாசு வேண்டவே வேண்டாம். மைக் தாங்காது, புறாக்களும் தாங்காது.

ரிக்கார்டராக செல்போனைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சாதாரண வாய்ஸ் ரிக்கார்டர் ஆப், பேச்சு தெளிவாக இருக்க வேண்டும் என்று சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும், பின்னணி இரைச்சலை வெட்டும். நமக்கு வேண்டியதே அந்தத் தேய்ந்து போகும் பின்னணிதான், அதையே அது இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும். தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டையும் இரைச்சல் நீக்கத்தையும் அணைக்க வசதி உள்ள ஆப்பாகப் பார்த்து, எம்பி3 ஆக இல்லாமல் வேவ் பைலாகப் பதிவு செய்யுங்கள். சத்த அளவு சிவப்பைத் தொடக் கூடாது. பலூன் வெடிக்கும் அந்த முனை வெட்டுப்பட்டால் கைரேகை கோணலாகிவிடும்.

பலூனை விடச் சிறந்த வழியும் இருக்கிறது. அடித்தொண்டைச் சத்தத்தில் தொடங்கி விசில் வரைக்கும் மெதுவாக ஏறும் ஒரே சீரான ஒலியை ஸ்பீக்கர் வழியாக ஒலிக்க விட்டுப் பதிவு செய்வது. இத்தாலியைச் சேர்ந்த ஆஞ்சலோ ஃபரீனா 2000-ல் விளக்கிய முறை இது. ஏறும் ஒலி எது என்று கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், பதிவிலிருந்து அதைக் கழித்து மண்டபத்தின் பங்கை மட்டும் பிரித்துவிடும். பலூன் ஒரு நொடியில் கொட்டும் சக்தியை இது பல விநாடிகளுக்குப் பரப்பிக் கொடுப்பதால் இரைச்சல் அடிபட்டுப் போகும். ரூம் ஈக்யூ விசார்டு என்ற இலவச சாப்ட்வேர் ஒலியை உருவாக்குவது முதல் கைரேகையை வேவ் பைலாகச் சேமிப்பது வரை எல்லாம் செய்யும். லேப்டாப், ஒயர் போட்ட ஸ்பீக்கர், ஒரு நல்ல மைக் வேண்டும். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், அது ஒலியைச் சுருக்கி அனுப்புகிறது, தாமதமும் செய்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ஆடாசிட்டியில் திறந்து பலூன் வெடிக்கும் இடத்துக்கு முன்னால் உள்ளதை வெட்டி எறியுங்கள். பின்னால் ஒலி அடங்கும் இடம் வரை விட்டு வையுங்கள். இனி ரீப்பர் என்ற சாப்ட்வேர். 60 நாள் இலவசமாகப் பயன்படுத்தலாம். உங்கள் பாட்டை ஒரு டிராக்கில் வைத்து, எஃப்எக்ஸ் பட்டனைக் கிளிக் செய்து, ரியாவெர்ப் என்பதைத் தேர்வு செய்யுங்கள். அதில் ஆட் பட்டன் மூலம் பைல் என்பதைச் சேர்த்து மண்டபத்தின் வேவ் பைலைக் காட்டுங்கள். வெட், டிரை என்று இரண்டு ஸ்லைடர்கள் இருக்கும். முதலாவது மண்டபம், இரண்டாவது வறண்ட குரல். இரண்டையும் காதுக்கு ஏற்ற மாதிரி கலந்து கொள்ளுங்கள். ஹெட்போனில் கேட்டால்தான் வித்தியாசம் பிடிபடும்.

எங்கள் பக்கத்துக் கல் மண்டபம் ஒன்றில் நான் எடுத்த பதிவை வைத்து ஒரு நாகஸ்வர ஆலாபனையைக் கன்வல்யூஷன் செய்து, தெரிந்த நாகஸ்வரக்காரர் ஒருவரிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். "ஆளே இல்லாத மண்டபம் மாதிரி இருக்குதுங்களே" என்றார். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. ஆள் இல்லாத போது எடுத்த பதிவுதான் அது. மனித உடம்பும் துணியும் ஒலியை நன்றாக உறிஞ்சும். திருவிழாக் கூட்டத்தில் மண்டபத்தின் முழக்கம் சுருங்கிவிடும். அமெரிக்காவின் ஹார்வர்டில் வாலஸ் சபைன் 1890-களில் மெத்தைகளை ஹாலுக்குள் தூக்கிக் கொண்டு வந்து வைத்து இரவெல்லாம் அளந்து கண்டுபிடித்த பாடம், நம் வித்வானுக்குக் காதிலேயே இருக்கிறது. முடிந்தால் கூட்டம் உள்ள போதும் ஒரு பதிவு எடுங்கள். பலூன் வெடித்ததும் குழந்தைகள் சிரிக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

இந்த வித்தையால் எல்லாம் ஆகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு பதிவு என்பது ஓர் இடத்தில் பாடி, ஓர் இடத்தில் கேட்டது மட்டும்தான். பல்லக்கோடு நடந்து கொண்டே வாசிக்கும் நாகஸ்வரம் இதில் அடங்காது. தன்னை எவ்வளவு பலமாகத் தட்டினாலும் அதே விகிதத்தில் பதில் சொல்லும் பொருளுக்குத்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். கல் அப்படிப்பட்டது. தம்புராவின் பாலம் அப்படிப்பட்டதல்ல. தந்தி அதிரும் போது வளைந்த பாலத்தின் மேல் தொட்டும் விலகியும் போவதால் பிறக்கிறது அந்த ரீங்காரம். வீணை, தம்புரா ஆகியவற்றின் பாலத்தில் உள்ள இந்த விசேஷத்தை ராமன் 1921-ல் எழுதினார். வீணையின் பலாமரக் குடத்தைத் தட்டிக் கைரேகை எடுத்து, காண்டாக்ட் மைக்கில் வரும் சப்பையான ஒலிக்கு உடம்பு கொடுக்கலாம், அது நன்றாகவே வருகிறது. தம்புராவின் ரீங்காரத்தை எந்தக் கைரேகையிலும் அடைக்க முடியாது.

இன்னொன்று, எங்கள் பக்கத்து இளைஞர்களுக்காகவே சொல்கிறேன். தெருக்கூத்துப் பாட்டையும் பம்பை மேளத்தையும் பதிவு செய்துவிட்டு அதற்கும் கதீட்ரல் போடுகிறீர்கள். கூத்து நடப்பது திறந்த வெளியில். அங்கே ஒலி போனால் போனதுதான், திரும்பி வர சுவர் இல்லை. அதனால்தான் கூத்தாடி அவ்வளவு உச்சத்தில் பாடுகிறார். அதற்கு ஒரு மூடிய கட்டடத்தைப் போர்த்தினால் அவர் ஏன் கத்துகிறார் என்றே கேட்பவருக்குப் புரியாமல் போகும். வறட்சியாகவே விடுங்கள், அதுதான் அந்த இடத்தின் ஒலி.

வெளிநாட்டில் இப்படிப்பட்ட கைரேகைகளைப் பொதுவில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் ஓப்பன்ஏர் என்ற பெயரில் ஒரு தொகுப்பு நடத்துகிறது. சர்ச்சுகள், மடாலயங்கள், குகைகள், ஒரு பழைய கல்லறை மாளிகை கூட உண்டு. நம் ஊர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. பைலின் பெயரில் ஊர், கட்டடம், தேதி மூன்றையும் எழுதுங்கள். கூடவே ஒரு நோட்பேடு பைலில் பலூன் எங்கே, மைக் எங்கே, இடையில் எத்தனை அடி, உள்ளே எத்தனை பேர், கதவுகள் திறந்திருந்தனவா மூடியிருந்தனவா என்று குறித்து வையுங்கள். இந்தக் குறிப்பு இல்லாத பைல் இன்னும் 20 வருடம் கழித்து வெறும் பலூன் சத்தம். ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டுக் கோவில் அலுவலகத்திலும் கொடுத்து விடுங்கள். இடம் அடைக்கும் என்ற கவலை வேண்டாம். 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோவில் 10 விநாடிப் பதிவு 3 எம்பி கூட வராது. கும்பாபிஷேகத்தன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ பல சமயம் அதை விடப் பெரியது.